பனிக்காலத்துக்கு ஒரு பாவித்த ஃபோர் வீல்: கனடாவில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடந்த நவம்பரில் என் அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தான். கனடாவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. ஸ்காபரோவில் நாலு பெடியளோடு ஒரு பேஸ்மன்ற் அறையில் இருக்கிறான். பாரி நகரப் பக்கம் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை.

"மாமா, ஒரு ஃபோர் வீல் பார்த்து வைச்சிருக்கிறன். ஸ்னோவுக்கும் பயமில்லை, சமருக்கு மீன் பிடிக்கவும் போகலாம். வந்து ஒருக்கா பாருங்கோ."

அவன் மாதாமாதம் விசுவமடுவில் இருக்கும் அக்காவுக்குக் காசு அனுப்புகிறான். பயணத்துக்குப் பட்ட கடனும் இன்னும் முடியவில்லை. இந்த நிலையில் பன்னிரண்டாயிரம் டொலர் என்பது சின்னக் காசு இல்லை. அதற்கும் மேலாக, அவன் பயமில்லை என்று சொன்னதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அதே எண்ணத்தோடு நானும் ஒரு காலத்தில் இங்கே வாகனம் ஓட்டியவன்.

வாகனம் எங்கள் சனத்துக்கு வெறும் ஆடம்பரமாக இருந்ததில்லை. கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் சனம் நகர்ந்த நாட்களில், ஓடக்கூடிய ஒரு லான்ட் மாஸ்டரோ உழவு இயந்திரப் பெட்டியோ இருந்த குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் இடையில் இருந்த வித்தியாசம் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இங்கு வந்த பிறகும் பலமான, பெரிய வாகனம் ஒன்றை வாசலில் நிறுத்தினால் மனசுக்கு ஒரு தெம்பு வருகிறது. அதில் பிழையில்லை. ஆனால் எதை வாங்குகிறோம், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து வாங்க வேண்டும். நான் ஒன்ராறியோவில் இருப்பதால் இங்குள்ள நடைமுறையையே எழுதுகிறேன்.

இழுக்கும், நிற்பாட்டாது

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வன்னியில் நிவாரணப் பொருட்கள் ஏற்றும் பழைய லான்ட் ரோவர் ஒன்றுக்கு நான் சாரதி. மாரியில் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் அச்சளவு சேற்றுக்குள்ளால் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். ஆகவே கனடாவில் இரண்டாவது மாரியில் ஒரு பழைய ஃபோர் வீல் வாங்கியபோது எனக்குத் தெரியாத எதுவும் இல்லை என்றே நினைத்தேன்.

ஒரு ஜனவரி இரவு மனைவியும் பிள்ளையும் உள்ளே இருக்க, மார்க்கம் வீதியும் ஃபின்ச் அவெனியூவும் சந்திக்கும் சந்தியில் சிவப்பு விளக்குக்குப் பிரேக் போட்டேன். வாகனம் நிற்கவில்லை. நேராக வழுக்கிக்கொண்டு சந்தியின் நடுவுக்குப் போய் நின்றது. குறுக்கே வந்த பஸ் சாரதி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்ததால் நாங்கள் தப்பினோம்.

அன்று விளங்கியது இதுதான். சேற்றுக்கு அடியில் கட்டாந்தரை இருக்கும். ரயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அந்தத் தரையைப் பிடிக்கும். ஐஸுக்கு அடியில் பிடிக்க ஒன்றுமில்லை. நாலு சில்லும் இழுப்பது வாகனத்தைக் கிளப்புவதற்கும், மேட்டில் ஏற்றுவதற்கும், பனிக்குவியலில் இருந்து வெளியே எடுப்பதற்கும் உதவும். நிற்பாட்டுவதற்கு உதவாது. எந்தக் காரிலும் நாலு சில்லுக்கும் பிரேக் இருக்கிறது. அந்த விடயத்தில் ஃபோர் வீலும் சாதாரணக் காரும் ஒன்றுதான். பாரம் கூடிய பெரிய வாகனம் தன் பாரத்தோடுதான் வழுக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முன் சில்லு மட்டும் இழுக்கும் கார் பனியில் கிளம்பும்போது சில்லு சுற்றும். அந்த இடத்திலேயே, வீதி வழுக்குகிறது என்ற எச்சரிக்கை சாரதிக்குக் கிடைத்துவிடுகிறது. ஃபோர் வீல் அப்படிச் சுற்றாமல் அமைதியாகக் கிளம்பிவிடும். வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பது முதல் பிரேக் போடும்போதுதான் தெரியவரும். அதற்குள் வேகம் கூடியிருக்கும்.

உண்மையில் உங்களுக்குத் தேவையா?

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் என்று நகரத்துக்குள்ளேயே வீடும் வேலையும் என்றால், நல்ல பனிக்கால ரயர் நாலு போட்ட ஒரு கொரோலாவோ சிவிக்கோ போதும். பிரதான வீதிகளில் பனி அகற்றும் லொறியும் உப்பும் விரைவில் வந்துவிடும்.

யாருக்குத் தேவை? பாரி, ஒரிலியா போன்ற, ஜோர்ஜியன் விரிகுடாவின் ஈரக்காற்று பனியாகக் கொட்டும் பகுதிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு. பனி அகற்றும் லொறி வருவதற்கு முன் அதிகாலையில் வீதியில் இறங்குகிறவர்களுக்கு. பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்கு. சிம்கோ ஏரிக்கு உறைபனியில் மீன் பிடிக்கவும், அல்கொன்குயின் பூங்காவில் கூடாரமடிக்கவும், கொட்டேஜ் எடுத்துத் தங்கவும் அடிக்கடி போகிறவர்களுக்கு. கொட்டேஜ்களுக்குப் போகும் தனியார் பாதைகள் பல பனி அகற்றப்படாமலே கிடக்கும். அங்கே நாலு சில்லு இழுவை மட்டும் போதாது, அடிப்பாகம் நிலத்திலிருந்து உயரமாகவும் இருக்க வேண்டும். பனி அடித்தட்டைத் தூக்கிவிட்டால் எந்தச் சில்லும் நிலத்தைப் பிடிக்காது.

மூன்று வகை

எல்லாவற்றையும் ஃபோர் வீல் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் சந்தையில் இருப்பவை மூன்று வகை.

முதலாவது, தேவைப்படும்போது மட்டும் நாமே போடுவது. ரொயோட்டா ரகோமா, நிசான் ஃபுரொன்ரியர் போன்ற பிக்கப்களும் பெரும்பாலான ஜீப் ராங்லர்களும் இந்த வகை. சாதாரணமாகப் பின் சில்லு இரண்டும்தான் இழுக்கும். "4 ஹை" போட்டால் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். திரும்பும்போது முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். பனியிலும் கிறவலிலும் சில்லு கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் வீதியில் அதற்கு இடமில்லை. இழுபறிப்பட்டுக் கியர்களும் அச்சுகளும் அடிவாங்கும். ஒரு பகுதி பனி, ஒரு பகுதி காய்ந்த தார் என்று மாறி மாறி வரும் நெடுஞ்சாலையில் இந்த வகை பெரிய உதவியாக இராது. "4 லோ" என்பது சேறு, செங்குத்து மேடு, படகு இழுப்பது போன்றவற்றுக்கு. நெடுஞ்சாலையில் அதற்கு வேலையில்லை.

இரண்டாவது, எந்நேரமும் நாலு சில்லுக்கும் வலுப் போவது. சுபாருவின் ஃபொரெஸ்ரர், அவுட்பாக், குரொஸ்ரெக் இப்படிப்பட்டவை. சாரதி எதையும் போடவோ எடுக்கவோ தேவையில்லை.

மூன்றாவது, வழமையாக முன் சில்லில் ஓடி, வழுக்கும்போது பின் சில்லைத் தானாக இணைப்பது. ஹொண்டா சீ.ஆர்.வீ, ரொயோட்டா ராவ்-4, நிசான் ரோக், ஹூண்டாய் ரக்ஸன் போன்றவை. நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் இடைக்கிடை உல்லாசப் பயணமும் போகும் குடும்பத்துக்கு இரண்டாவது, மூன்றாவது வகைகளே பொருத்தம்.

ஆனால் கவனியுங்கள்: மூன்றாவது வகை வாகனங்கள் பலவற்றில் முன் சில்லு மட்டும் இழுக்கும் மலிவான பதிப்பும் வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பின்கதவில் ஏ.டபிள்யூ.டி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நில்லாமல் குனிந்து, முன்னிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளமான தண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ராவ்-4 ஹைபிரிட்டில் மட்டும் அந்தத் தண்டு இருக்காது. அதில் பின் சில்லுகளை மின் மோட்டார் சுற்றுகிறது.

முதலில் ரயர்

வாகன விலையில் பேரம் பேசும் எம்மவர்கள் பலர் ரயருக்குக் காசு ஒதுக்குவதில்லை. வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண "ஓல் சீசன்" ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கி, பிடிப்புக் குறைந்துவிடும். பனிக்கால ரயரின் இறப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். ரயரின் பக்கத்தில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துளிப் பூ என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் எம்+எஸ் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பூவின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அந்த ரயர் பனிக்கு உதவாது. டொட் என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்கள் ரயர் செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் காட்டும். 3819 என்றால் 2019ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் பழைய ரயரின் இறப்பர் இறுகிப்போயிருக்கும்.

நாலும் ஒரே வகை, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். எந்நேரமும் நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் ஒரு ரயர் மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு வேறுபட்டு, நடுவில் இருக்கும் இணைப்புப் பாகம் ஓயாமல் வேலை செய்து சூடாகிப் பழுதாகும். நாலும் நாலு விதமான ரயரோடு ஒருவர் ஃபோர் வீலை விற்கிறார் என்றால் மற்றப் பராமரிப்பும் அப்படித்தான் நடந்திருக்கும்.

நாலு பனிக்கால ரயரும் இரும்பு றிம்மும் சேர்த்து 1000 முதல் 1500 டொலர் வரை போகலாம். அதை வாகனத்தின் விலையாகவே கணக்கிடுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

அடியில் படுத்துப் பாருங்கள்

இங்கே வாகனத்தைக் கொல்வது கிலோமீற்றர் அல்ல, உப்பு. ஒவ்வொரு மாரியும் வீதியில் கொட்டப்படும் உப்பு அடிப்பாகத்தைத் தின்கிறது. மேலே பளபளக்கும் வாகனத்தின் செசி கீழே பொரிந்து கிடக்கலாம்.

மருமகன் பார்த்து வைத்திருந்தது ஒரு பிக்கப். கறுப்பு நிறம், உயர்த்திய சில்லு, உள்ளே நல்ல சுத்தம். நான் ஒரு பழைய ஜக்கற்றைத் தரையில் விரித்துப் படுத்து, கையோடு கொண்டுபோன சின்னச் சுத்தியலால் செசியைத் தட்டினேன். முன்பக்கம் நல்ல இரும்பின் சத்தம் வந்தது. பின் சில்லுக்கு மேலே, வில்தகடு பூட்டும் இடத்தில் சத்தம் மந்தமாக இருந்தது. இன்னொரு தட்டில் துரு தகடு தகடாகக் கொட்டியது. அதன் மேல் புதிதாகக் கறுப்பு மை அடித்திருந்தார்கள். விற்றவர் ஒன்றும் பேசவில்லை. மருமகனும் பேசவில்லை.

அடியில் பார்க்க வேண்டியவை: செசியின் பின்பகுதி, வில்தகடு பூட்டும் இடங்கள், பிரேக் ஒயில் குழாய், பெற்றோல் குழாய், கதவுக்குக் கீழே உள்ள நீளத் தகடு. மேற்பரப்பில் மெல்லிய செந்துரு எல்லா வாகனத்திலும் இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். தகடாக உரியும் துருவும் ஓட்டையும்தான் ஆபத்து. அண்மையில் அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வருடாவருடம் எண்ணெய்த் துருத்தடுப்பு அடித்த பற்றுச்சீட்டு இருந்தால் அந்த வாகனத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

சில மாடல்களுக்கென்றே தெரிந்த குறைகள் உண்டு. பழைய ரகோமாக்களில் செசி துருப்பிடித்து, வட அமெரிக்காவில் கம்பனியே பலருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறது. மாற்றியதா என்று கேளுங்கள். 2019க்குப் பிந்திய சில வருட ராவ்-4 ஹைபிரிட்டுகளில் பின் மோட்டாருக்குப் போகும் மின்வடத்தின் இணைப்பை உப்பு அரிக்கிறது. பழைய 2.5 லீற்றர் சுபாரு எஞ்சின்களில் ஹெட் காஸ்கற் ஒழுகும். 2017, 2018 சீ.ஆர்.வீ 1.5 டேர்போவில் கடும் குளிரில் குறுந்தூரம் ஓடும்போது பெற்றோல் எஞ்சின் ஒயிலோடு கலக்கும் முறைப்பாடு இருந்தது. இவற்றால் அந்த வாகனங்களை ஒதுக்க வேண்டியதில்லை. திருத்திய பதிவு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது

காலையிலேயே போங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குளிரில் எப்படி ஸ்ராட் ஆகிறது என்பதுதான் பற்றரியின் நிலையையும் எஞ்சினின் நிலையையும் சொல்லும். ஹீற்றர், முன்கண்ணாடி ஆவி நீக்கி, பின்கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம், மூன்றாம் வகை என்றால் வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் ஸ்ரியரிங்கை முழுவதும் ஒடித்து, மெதுவாக இரு பக்கமும் வட்டமடியுங்கள். இழுத்துப் பிடிப்பதுபோலவோ திக்கித் திக்கிப் போவதுபோலவோ இருந்தால் இணைப்புப் பாகத்தில் பழுது, அல்லது ரயர் பொருத்தமில்லை. "கட கட" என்ற சத்தம் வந்தால் அச்சு மூட்டு தேய்ந்திருக்கிறது. முதல் வகை என்றால் கிறவலில் அல்லது பனியில் மட்டும் "4 ஹை" போட்டுப் பாருங்கள். பிறகு நிறுத்தி, நியூட்ரலுக்கு எடுத்து "4 லோ" போடுங்கள். பல வருடம் போடாமல் விட்டவை இறுகிப்போய் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும்.

2012 அல்லது அதற்குப் பிந்திய மாடலைத் தெரிவு செய்வது நல்லது. 2011 செப்டெம்பர் 1 முதல் கனடாச் சந்தைக்குச் செய்யப்பட்ட எல்லாப் பயணிகள் வாகனங்களிலும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி முறை கட்டாயம். கடைசியாக, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக் காட்டுங்கள். நூறோ நூற்றைம்பதோ டொலர் போகும். போகட்டும்.

கடதாசி வேலை

தனியாரிடம் வாங்கினால் விற்பவர் "யூ.வி.ஐ.பி" என்ற தகவல் தொகுப்பைத் தர வேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலர். முன்னைய உரிமையாளர்கள், வாகனத்தின் மீது கடன் இருக்கிறதா என்பவை அதில் இருக்கும். கடனோடு வாங்கினால் கடன் கொடுத்தவர் உங்களிடமிருந்து வாகனத்தைப் பறிக்கலாம். ஒன்ராறியோவுக்கு வெளியே நடந்தவற்றுக்குக் கார்ஃபக்ஸ் அறிக்கையும் எடுங்கள். "சல்வேஜ்", "ரீபில்ட்" என்ற முத்திரை இருந்தால் விலகுங்கள்.

வரி 13 வீதம். நீங்கள் கொடுத்த விலை, புத்தகத்தில் உள்ள மொத்த விற்பனை விலை, இரண்டில் எது கூடவோ அதற்கே வரி. 12,000 டொலருக்கு வாங்கிய வாகனத்தின் புத்தக விலை 14,000 என்றால் வரி 1,820 டொலர். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சொல்பவரால் உங்களுக்கு இலாபமில்லை.

"சேஃப்ரி" சான்றிதழ் 36 நாளுக்குச் செல்லும். அது உத்தரவாதம் அல்ல. அன்று பார்த்தபோது குறைந்தபட்சத் தரம் இருந்தது என்பது மட்டுமே. பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்கினாலும், வாங்கிய பின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை இங்கே சட்டத்தில் இல்லை.

சீ.ஆர்.வீ, ராவ்-4 போன்றவை ஒன்ராறியோவில் அதிகம் களவு போகின்றன. களவெடுத்த வாகனத்துக்கு வேறொரு நல்ல வாகனத்தின் 17 இலக்க வின் எண்ணைப் பொருத்தி விற்கிறார்கள். பொலிஸ் வந்து எடுத்துப் போனால் காசும் போய்விடும், வாகனமும் போய்விடும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வின், சாரதிக் கதவில் ஒட்டிய வின், பதிவுப் பத்திரத்தின் வின் மூன்றும் ஒன்றா, ஒட்டிய இடத்தில் கிளறிய அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் பத்திரப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "நண்பரின் வாகனம், நான் விற்றுக் கொடுக்கிறேன்" என்றால் திரும்பி நடவுங்கள். சந்தை விலையைவிட மிகவும் குறைவு என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

வாங்குவதற்கு முன்பே காப்புறுதி எவ்வளவு என்று கேளுங்கள். புதிதாக ஜி-2 எடுத்தவருக்குச் சில மாடல்களில் மாதக் காப்புறுதி வாகனத் தவணையைவிடக் கூட வரும். களவு அதிகமுள்ள மாடல் என்றால் கண்காணிப்புக் கருவி பூட்டச் சொல்வார்கள்.

மருமகன் வாங்கியது

பிக்கப்பை விட்டு வரும்போது மருமகன் கோபமாகத்தான் இருந்தான். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஆசிரியை பத்து வருடம் வைத்திருந்த சாம்பல் நிற ஃபொரெஸ்ரர் ஒன்றைப் பார்த்தோம். படம் எடுத்து முகநூலில் போட அதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வருடத் துருத்தடுப்புப் பற்றுச்சீட்டும் ஒரு உறையில் இருந்தது. பிக்கப்புக்குச் சொன்ன விலையைவிடக் குறைவு. மிச்சக் காசில் பனிக்கால ரயர் நாலும் போட்டோம். டிக்கியில் ஒரு சவள், ஒரு பை மணல், கம்பளி, பூஸ்ரர் கேபிள், தண்ணீர், பிஸ்கற் வைத்துவிட்டேன்.

அவனுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பனியில் புதைந்து நின்றால் வாகனத்தை விட்டு நடக்க வெளிக்கிடாதே. எஞ்சினை ஓடவிட முன் பின்னால் போய்ப் புகைக்குழாயை அடைத்த பனியைத் தோண்டி எடு. இல்லாவிட்டால் நச்சுப்புகை உள்ளே வரும். அதற்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

ஜனவரியில் ஒரு விடியற்காலை 400 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கித் தரித்து நின்று எடுத்தான்.

"மாமா, ஒண்டும் தெரியேல்லை. எல்லாரும் பறக்கிறாங்கள். நான் ரிம் ஹோட்டன்ஸில நிக்கிறன். வேலைக்குப் பிந்தும்."

"பிந்தட்டும்," என்றேன். "கோப்பியைக் குடி. லொறி வீதியைத் துப்புரவாக்கின பிறகு வெளிக்கிடு."

அன்று அவனுக்கு இரண்டு மணித்தியாலச் சம்பளம் போனது. அக்காவுக்கு நாங்கள் இருவரும் இதைச் சொல்லவில்லை.